கதைக்குள் தலைவர் எதற்கு?

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் 'வீ' (நாம்), ஆர்வெல்லின் '1984', மனிதர்களை அரசே ஆட்டிவைக்கிற இந்த நாவல்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். அந்தச் சூட்டோடு நானும் ஒரு கதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 2090-ல் கோவை, எல்லாரும் ஒரே மாதிரி, தெருவெல்லாம் கேமரா, மேலே ஒரு தலைவர். படித்த நண்பர்கள் யாருக்கும் பயமே வரவில்லையாம். அதெல்லாம் ரஷ்யாவுக்குச் சரி, நம்ம ஊரில் யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்கிறார்கள். அப்படித்தானுங்களா?

ஒரு வாசகர், திருச்செங்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். முதலில் அந்தத் தலைவரைத் தூக்கிவிடுங்கள். கெட்டவன் ஒருவன் மேலே உட்கார்ந்திருந்தால் பழியை எங்கே போடுவது என்று தெரிந்துவிடுகிறது, வாசகன் நிம்மதியாகிவிடுகிறான். 'வீ'யிலும் தலைவர் உண்டுதான், ஆனால் பயம் அவரால் வருவதில்லை.

அதைச் சோவியத் அரசைத் திட்டிய நாவல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே 1988 வரை அச்சாகவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஸம்யாதின் கப்பல் எஞ்சினியர். பனி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்க்க 1916-ல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போனவர், புரட்சிக்கு முன்பே. அங்கே பார்த்த மனிதர்களை வைத்து 'ஐலண்டர்ஸ்' என்று ஒரு குறுநாவல் எழுதினார். அதில் வரும் பாதிரியார் சாப்பிட, காற்று வாங்க, பாவத்துக்கு வருந்த, மனைவியோடு இருக்க எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டு வைத்திருப்பார். ரகசியப் போலீஸ் கிடையாது, மரியாதைப்பட்ட குடும்பங்களும் அக்கம்பக்கமும்தான். என் கணக்கில் அந்த அட்டவணைதான் 'வீ'யில் நாடு முழுக்க விரிகிறது, ஒரு வாய்ச் சோற்றை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பது வரைக்கும். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். கதாநாயகன் டி-503 அதில் சந்தோஷமாக வேறு இருக்கிறான்! உனக்கு ஆன்மா முளைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்போதுதான் வியாதி வந்தவனாகப் பதறுகிறான்.

சரி, உங்க ஊர்ப் பக்கம் வருவோம். ஜூன் மாதம் ஒரு பாத்திரக் கடையில் போய் நில்லுங்கள். ஹாஸ்டலுக்குப் போகிற பையனின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேர் வெட்டுகிற மிஷினை ஓட்டுபவர் பேரைக் கேட்பார். 'பேரு வேண்டாமுங்க, நம்பரு போதும், அப்படித்தான் சொல்லி உட்டிருக்காங்க' என்பார் அம்மா. ஃபீஸுக்காகத் தோட்டத்தை அடமானம் வைத்த குடும்பமாகக்கூட இருக்கும். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதே அரசாங்கம்தான். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளுக்குக் கடிவாளமாகத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நாம் விட்டோமா? ரிசல்ட் வந்த வாரம் நாமக்கல் ரோட்டில் ஃப்ளெக்ஸைப் பாருங்கள், ஒட்ட வெட்டிய தலைகள் வரிசையாக, பேரைவிட மார்க் பெரிய எழுத்தில்.

ஆக, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வது ரொம்பச் சரி. கதையே அதுதான். 2090 எல்லாம் வேண்டாம், போன ஜூன் போதும். தட்டில் தன் பேர்தான் இருக்க வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் அந்த அம்மா என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவார் என்று எழுதிப் பாருங்கள், அவரைக் கெட்டவராக்காமல், அவர் சொல்வது உங்களுக்கே நியாயமாகப் படுகிற வரைக்கும் திருத்தித் திருத்தி. அப்புறம் அனுப்புங்க, படிக்கிறேன்.