இ.எஸ்.ஐ. அட்டை இல்லை, லித்தியத்தைத் தொடங்கலாமா?

மனநலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இருந்த வரை இ.எஸ்.ஐ. இருந்தது. வேலை போன பிறகு, குடியாத்தத்தில் கைலித் தறியில் கூலிக்கு நெய்கிறார். தை மாதத்தில் பத்து நாள் சரியாக உறங்காமல், கடன் வாங்கி நான்கு தறி போடப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் பின் ஒரு மாதம் பாயை விட்டு எழவில்லை. மருத்துவர் இருமுனை மனநிலைக் கோளாறு என்று கூறி லித்தியம் மாத்திரை எழுதி, ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிவிட்டுத் தொடங்கச் சொன்னார். ஆய்வகத்தில் கேட்ட தொகை எங்களால் முடியாதது. மருந்துக் கடைக்காரரோ, 'மாத்திரையை ஆரம்பியுங்கள், டெஸ்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். காப்பீடு இல்லாத நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: சகோதரி, கடைக்காரர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் லித்தியத்தைப் பொறுத்தவரை அந்த யோசனையை ஏற்காதீர்கள். லித்தியம் மலிவான மருந்துதான், ஒரு மாத்திரை சில ரூபாய்க்குள் அடங்கும். செலவு வைப்பது அதைச் சுற்றியுள்ள பரிசோதனைகளே. அவற்றைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம், லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது என்பதும், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதும்தான். பராமரிப்புக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஆகவே முதல் மாத்திரைக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். இதய நோய் இருந்தால் ஈ.சி.ஜி.யும் வேண்டும்.

இவற்றைத் தனியார் ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டையும் பழைய குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. லித்தியமும், இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வேல்ப்ரோயேட்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்தத்தில் லித்தியத்தின் அளவை எல்லா ஆய்வகங்களும் பார்ப்பதில்லை. அதை எங்கே, எந்தக் கிழமையில், எவ்வளவு செலவில் பார்ப்பார்கள் என்பது தெரிந்த பிறகே மாத்திரையைத் தொடங்குங்கள். அந்தப் பரிசோதனைக்கு வழியே இல்லையென்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் பெரும்பாலான காப்பீடுகளும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. எனவே காப்பீடு இல்லையே என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மேலும், வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. உரிமை அற்றுப்போய்விடாது, சந்தா கட்டிய நாள்களைப் பொறுத்து அதற்குரிய பலன் காலம் முடியும் வரை தொடரலாம். பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

லித்தியத்தைத் தொடங்கிய ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் ரத்தத்தில் அதன் அளவை முதல்முறை பார்ப்பார்கள். மருந்தளவை மாற்றும்போதும் அப்படியே. கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டவர், காலை ஒன்பதுக்கு ஊசி குத்தும் இடத்தில் இருக்க வேண்டும். காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து பேருந்து ஏறி, ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டு வருவோர் பலர். அன்று எண் ஏறித் தெரியும், மருந்தளவைத் தவறாகக் குறைக்க நேரிடும்.

நம் வேலூர் வெயிலை மறந்துவிடாதீர்கள். தறிக்கூடத்தில் தகரக் கூரையின் கீழ் வியர்த்துக் கொட்டும்போது உடல் உப்பையும் நீரையும் இழக்கிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும் முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்துத் தேக்கிவிடுகிறது. தண்ணீரும் உப்பும் நாள்தோறும் ஒரே அளவில் இருக்கட்டும். விரதத்துக்காக உப்பில்லாப் பத்தியம் இருப்பது இவருக்கு ஆகாது. முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் ஊசிகளும் அளவை ஏற்றிவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்துக்கோ வேறெதற்கோ மருந்து எழுதுபவரிடமும் 'லித்தியம் சாப்பிடுகிறார்' என்று முதலில் சொல்லுங்கள். விரல்களில் இலேசான நடுக்கம் பலருக்கு வரும், பயம் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, தேநீர் டம்ளர் தளும்பும் அளவுக்குக் கை உதறல், நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வரை அவர் மீண்டும் உறங்காமல் பரபரத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையென்றால் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. இதே நோய்க்கு வேல்ப்ரோயேட் சாப்பிட்டு ஓராண்டாக நன்றாக இருக்கிறாள். பெண் பார்க்க வருகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடும். ஆனால் நிச்சயதார்த்தம் வரை காத்திராமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். கருவுற்ற பெண் வேல்ப்ரோயேட் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை ஏற்படுகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஃபோலிக் அமிலம் இந்த ஆபத்தை முழுவதும் நீக்காது. லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவதென்றால், தோலில் கடுமையான தடிப்பு வராமலிருக்க வாரக்கணக்கில் சிறுகச் சிறுகவே ஏற்றுவார்கள். அதிலும் வேல்ப்ரோயேட் உடனிருக்கும்போது இன்னும் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். அதற்கான அவகாசத்தை முகூர்த்த நாள் குறிப்பதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள்.