சி.எஸ்.கே. பங்கு வாங்கலாமா? ஓய்வுப் பணத்தில் கை வைக்கும் முன்

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் திருநெல்வேலி. கையில் 12 லட்சம் இருக்கிறது. என் மச்சினன் மகன் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சென்னை சூப்பர் கிங்ஸ் பங்கு தருகிறார்களாம். "சீனிவாசன் 2008ல் 91 மில்லியன் டாலருக்கு எடுத்த அணி, இன்றைக்கு மதிப்பு எங்கேயோ போய்விட்டது. சீக்கிரமே ஐ.பி.ஓ. (பொதுப் பங்கு வெளியீடு) வருகிறது, வந்தால் பணம் இரட்டிப்பு" என்கிறான். முதலில் பணத்தைக் கட்டினால் மூன்று நாளில் டீமேட் கணக்கில் (பங்கை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) பங்கு ஏறிவிடுமாம். போடலாமா? (என் அப்பா தாழையூத்து சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர், 2016ல் காலமானார். அவர் பெட்டியில் அவர் பெயரிலேயே 300 இந்தியா சிமென்ட்ஸ் பங்குகளுக்கான பழைய பேப்பர் இருக்கிறது. அதையும் விற்று இதோடு சேர்த்துப் போடலாமா என்று யோசனை.)

பதில்: 12 லட்சத்தையும் இதில் போடாதீர்கள். அப்பாவின் பேப்பரை யாருக்கும் விற்காதீர்கள், யார் கையிலும் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உருப்படியான சொத்து அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சீனிவாசன் கதை. அதைச் சொல்லித்தான் இந்தப் பங்கை எல்லோரிடமும் விற்கிறார்கள். 2008 ஜனவரியில் மும்பையில் நடந்த ஏலத்தில் சென்னை அணியை எடுத்தது இந்தியா சிமென்ட்ஸ் என்ற, பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள (லிஸ்டட்) கம்பெனி. 91 மில்லியன் டாலர் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 360 கோடி ரூபாய். அதையும் ஒரே நாளில் கட்டவில்லை. பத்து வருடத் தவணை, அதாவது வருடத்துக்குச் சுமார் 36 கோடி. சிமென்ட் விற்ற பணத்திலிருந்து கட்ட முடிகிற தொகை அது. என். சீனிவாசன் அந்தக் கம்பெனிக்கு 1989லிருந்து 2024 வரை மேனேஜிங் டைரக்டராக இருந்தவர். அணியை எடுத்த நேரத்தில் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளரும் அவரே. வாரிய நிர்வாகிகளுக்கு வாரியத்தின் போட்டிகளில் வணிக ஈடுபாடு இருக்கக் கூடாது என்ற விதியிலிருந்து ஐ.பி.எல்.லுக்கு விலக்கு கொடுத்து அதே வருடம் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் சொன்னது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை இரண்டு வருடம் இடைநீக்கம் செய்தது. 2016, 2017 இரண்டு சீசனிலும் மஞ்சள் சட்டை மைதானத்தில் இல்லை. 2018ல் திரும்பி வந்து கோப்பையும் வாங்கினார்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவர் போட்ட முதலீடும் உங்களுக்கு விற்க வருவதும் ஒன்றே இல்லை. அவருக்குத் தவணை இருந்தது, பின்னால் ஒரு தொழிற்சாலை இருந்தது, முடிவெடுக்கும் அறையில் நாற்காலி இருந்தது. இரண்டு வருடம் அணி ஆடவே இல்லையென்றாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். உங்களிடம் இருப்பது ஓய்வுப் பணம். நாளைக்கே மூட்டு அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்னால் ஒரு வாரத்தில் அந்தப் பணம் கைக்கு வந்தாக வேண்டும்.

அடுத்து அந்த "மதிப்பு எங்கேயோ போய்விட்டது" என்ற பேச்சு. மதிப்பு ஏறியது உண்மைதான். 2021ல் லக்னோ அணியை 7,090 கோடிக்கு ஏலம் எடுத்தார்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதியைப் பத்து அணிகளும் பிரித்துக்கொள்கின்றன. அணிகளின் வருமானத்துக்கு அதுதான் முதுகெலும்பு. ஆனால் லக்னோவுக்கு 7,090 கோடி கொடுத்தவருக்கு முழு அணியும் கிடைத்தது. உங்களுக்குக் கிடைப்பது 30 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளில் சில ஆயிரம். டிவிடெண்ட் (பங்குதாரருக்கு லாபத்தில் தரும் பணம்) தரலாமா, பங்குச் சந்தையில் பட்டியலிடலாமா, அணியை விற்கலாமா என்று எதிலும் உங்கள் குரல் எடுபடாது. அந்த ஒளிபரப்பு ஒப்பந்தமும் 2027ல் முடிகிறது. அடுத்த ஏலத்தில் போட்டி போட எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பொறுத்தே அதற்குப் பிந்தைய வருமானம்.

ஐ.பி.ஓ. பற்றி. ஒரு கம்பெனி பொதுப் பங்கு வெளியிடுவதென்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியிடம் வரைவு ஆவணம் தாக்கல் செய்தாக வேண்டும். செபியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. அது வராத வரை "அடுத்த வருடம் பக்கா" என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. சரி, வந்தே விட்டது என்று வையுங்கள். முன்பே வாங்கி வைத்திருப்பவர்கள் பொதுவாக ஆறு மாதம் விற்க முடியாது. பட்டியலிட்ட அன்று விலை துள்ளினாலும் நீங்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். விலை துள்ளும் என்பதும் நிச்சயமில்லை. எச்.டி.பி. ஃபைனான்ஷியல் என்ற நிதிக் கம்பெனியின் பங்கை அன்லிஸ்டட் (பட்டியலில் இல்லாத) சந்தையில் 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆசை ஆசையாக வாங்கினார்கள். 2025ல் கம்பெனி ஐ.பி.ஓ. விலையை 740 ரூபாய் என்று வைத்தது. "ஐ.பி.ஓ. வருகிறது" என்று சொல்லியே அதையும் விற்றார்கள். ஐ.பி.ஓ. வந்தது, பணம் போனது.

இப்போது தரகர்கள். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

பட்டியலில் இல்லாத பங்குக்கு ஒரே விலை என்று எதுவும் கிடையாது. தரகர் சொல்வதுதான் விலை. உங்களுக்குக் காட்டுவது விற்கும் விலையை மட்டும். வாங்கும் விலையைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். ஒரு வேலை செய்யுங்கள். வேறொரு எண்ணிலிருந்து அதே தரகரைக் கூப்பிட்டு, "என்னிடம் சி.எஸ்.கே. பங்கு இருக்கிறது, என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, உங்களுக்கு 200 ரூபாய் என்று சொன்னவர் அங்கே 175 என்பார். 10 லட்சத்துக்கு 5,000 பங்கு வாங்கி அன்று மாலையே விற்றால் கையில் 8.75 லட்சம். அணி ஒரு பந்துகூட வீசுவதற்குள் ஒன்றேகால் லட்சம் போய்விட்டது. இந்த வித்தியாசம் எங்கும் எழுதியிருக்காது, எந்த ரசீதிலும் வராது.

பணத்தை முதலில் கட்டச் சொல்வது அந்தச் சந்தையின் வழக்கம். பங்குச் சந்தையில் வாங்கும்போது நடுவில் எக்ஸ்சேஞ்ச் நின்று உத்தரவாதம் தரும். இங்கே யாரும் இல்லை. பங்கு வரவில்லையென்றால் காவல் நிலையத்துக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் நீங்கள்தான் அலைய வேண்டும். தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டீமேட் கணக்கின் டிபின், ஓ.டி.பி. கேட்டாலும் அப்படியே. வாங்குகிறவர் பங்கைப் பெற இவை எதுவும் தேவையில்லை, அவை பங்கை வெளியே அனுப்புவதற்கு. "ஒரிஜினல் ஷேர் சர்டிபிகேட் கையிலேயே தருகிறோம்" என்று ஒரு கும்பல் வரலாம். பட்டியலில் இல்லாத பொது கம்பெனிகளின் பங்கு 2018 அக்டோபர் முதல் டீமேட் வழியாக மட்டுமே கைமாறும். காகிதம் காட்டினால் கதவைச் சாத்துங்கள்.

2024 டிசம்பரில் செபி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பட்டியலில் இல்லாத பொது கம்பெனிப் பங்குகளை வாங்க விற்க வழி செய்யும் அங்கீகாரமில்லாத இணையத் தளங்களை நம்பாதீர்கள் என்று. நல்ல எச்சரிக்கை. அப்படியென்றால் நேர்மையாக வாங்கவோ விற்கவோ நினைக்கும் சாதாரண மனிதன் எங்கே போவான்? அதற்குப் பதில் இல்லை. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் இந்தப் பங்கு இருக்கிறது. இன்றைய விலை என்ன என்று பார்க்க ஒரு பலகைகூட வைக்காமல், ஏமாறாதே என்று மட்டும் சொன்னால் தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

மச்சினன் மகன் நாளைக்கு இன்னொரு யோசனையும் சொல்வான்: "இந்தியா சிமென்ட்ஸ் பங்கை வாங்கினால் அணியும் சேர்ந்து வரும்." வராது. அணி 2015லேயே தனிக் கம்பெனிக்குப் போய்விட்டது. இந்தியா சிமென்ட்ஸை 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் சிமென்ட் கம்பெனி எடுத்துக்கொண்டது, அந்த விற்பனையில் அணி இல்லை. இன்றைக்கு அந்தப் பங்கை வாங்கினால் உங்களுக்குச் சிமென்ட் மட்டும்தான். கிரிக்கெட்டில் கொஞ்சமாவது முதலீடு இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், ஐதராபாத் அணியை வைத்திருக்கும் சன் டிவி பட்டியலில் உள்ள கம்பெனி. வேண்டாம் என்றால் அன்றே விற்கலாம். ஆனால் அதன் முக்கியத் தொழில் தொலைக்காட்சி, அணி அதில் ஒரு பகுதி.

அணி மீதுள்ள பாசத்தால் சி.எஸ்.கே. பங்குதான் வேண்டும் என்றால் 50,000 ரூபாயைத் தாண்டாதீர்கள். தொலைந்தாலும் மாதச் செலவு பாதிக்காத பணமாக அது இருக்க வேண்டும். விற்கும்போது வரியும் உண்டு: இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புப்படி.

இனி அப்பாவின் பெட்டிக்கு வருவோம்.

அணியைத் தனிக் கம்பெனி ஆக்கியபோது, அதற்கெனக் குறித்த தேதியில் இந்தியா சிமென்ட்ஸ் பதிவேட்டில் இருந்தவர்களுக்கு ஒரு பங்குக்கு ஒரு சி.எஸ்.கே. பங்கு என்று ஒதுக்கினார்கள். காசு வாங்கவில்லை. அதற்காகவே ஷேர்ஹோல்டர்ஸ் டிரஸ்ட் ஒன்றை அமைத்து அதன் வழியாகக் கொடுத்தார்கள். எல்.ஐ.சி.க்கு சி.எஸ்.கே.வில் பங்கு வந்ததும் இந்த வழியில்தான். உங்கள் அப்பா 2016ல்தான் காலமானார், பேப்பர் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே 300 சி.எஸ்.கே. பங்குக்கு அவருக்கு உரிமை இருந்திருக்கும். டீமேட் இல்லாமல் காகிதமாக வைத்திருந்தவர்கள், முகவரி மாறியவர்கள், கடிதம் வந்தும் என்னவென்று புரியாமல் பெட்டியில் போட்டவர்கள் பலருக்கு அது கைக்கு வந்து சேரவில்லை. நீங்கள் 12 லட்சம் கொடுத்து வாங்கப் போகிற அதே பங்கு உங்களுக்குச் சும்மாவே வர வேண்டியிருக்கலாம். சிமென்ட் பங்குக்கும் விலை இல்லாமல் இல்லை. அல்ட்ராடெக் 2024ல் ஒரு பங்குக்கு 390 ரூபாய் கொடுத்தது, அந்தக் கணக்கில் 300 பங்கு 1,17,000 ரூபாய்.

பேப்பரில் உள்ள ஃபோலியோ எண்ணையும் (பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்) சர்டிபிகேட் எண்களையும் முதலில் எழுதி வையுங்கள். இந்தியா சிமென்ட்ஸ் இணையதளத்தில் பங்குப் பதிவாளரின் முகவரி இருக்கும். இந்த ஃபோலியோவில் பங்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அவர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், கூடவே ஒரு மின்னஞ்சல். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்திருந்தால் பங்கு அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் (ஐ.இ.பி.எஃப்.) போயிருக்கும். அதற்காகச் சொத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தில் கேட்டு வாங்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த இலவச வேலைக்குத்தான் "ஷேர் ரெகவரி" என்று போர்டு மாட்டிக்கொண்டு மதிப்பில் ஒரு பகுதியைக் கேட்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, ஒரிஜினல் பேப்பரை ஒப்படைப்பது, பவர் எழுதிக் கொடுப்பது, இந்த மூன்றையும் செய்யாதீர்கள்.

பங்கு பதிவேட்டிலேயே இருந்தால் வாரிசுப் பெயருக்கு மாற்ற வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களும் அம்மாவும் இருந்தால் அவர்களின் தடையில்லாக் கடிதம், உங்கள் பெயரில் ஒரு டீமேட் கணக்கு, இவை முக்கியம். காகிதப் பங்கின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கட்டாயமில்லை. கேட்டால் செபியின் விதியைக் காட்டி எழுத்தில் மறுப்பு கேளுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில். பேப்பரில் ஓர் இனிஷியல், இறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயரோடு இரண்டு இனிஷியல் என்று இருக்கும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி முதல் தடவையே வைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு குறைக்கு ஒரு கடிதம், அடுத்த குறைக்கு அடுத்த கடிதம் என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடுங்கள், 21 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இது சிமென்ட் பங்குக்கு மட்டும். சி.எஸ்.கே. பட்டியலில் இல்லாத கம்பெனி, ஸ்கோர்ஸ் அதற்கு உதவாது. அதனால் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் கம்பெனியின் செயலாளருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அப்பாவின் பெயர், ஃபோலியோ எண், 300 பங்கு, பழைய முகவரி, இறந்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். டிரஸ்டில் அவர் பெயரில் பங்கு நிற்கிறதா, வாரிசுக்கு மாற்ற என்னென்ன ஆவணம் வேண்டும் என்று இரண்டே கேள்வி போதும். மச்சினன் மகனுக்கு இன்டர்நெட் நன்றாகத் தெரியும் என்றால் இந்த வேலையை அவனிடம் கொடுங்கள். பேப்பரின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள்.