கறையா, விரிசலா?

கேள்வி: உள்ளே இருப்பது வெளியே தெரியட்டும் என்று இரண்டு விதமான பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். ஒன்றில் ஒரு நாள் சாம்பார் ஊற்றி வைத்ததற்கே மஞ்சள் ஏறிவிட்டது. கண்ணாடி மாதிரி இருந்த இன்னொன்றில் கறை இல்லை. ஆனால் ஊறுகாய் போட்டு நாலு மாதத்தில் விளிம்பில் விரிசல். இரண்டும் வராத டப்பா உண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: மஞ்சள் ஏறியது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 இருக்கும். விரிசல் விட்டது பாலிஸ்டைரீனாக (6) இருக்கலாம், அல்லது அதன் உறவான சான் (SAN) என்ற பிளாஸ்டிக்காக.

மஞ்சளின் சாயமான குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். பாலிபுரொப்பிலீனின் ஒரு பகுதி சாதாரண வெப்பத்திலேயே இளகிய நிலையில்தான் இருக்கிறது. சூடான எண்ணெய் அதற்குள் ஊறும்போது சாயமும் கூடவே போய்விடும். அதே இளக்கம்தான் டப்பா கீழே விழுந்தாலும் உடையாமல் காப்பது. பாலிஸ்டைரீனும் சானும் இறுகியவை, சாயம் நுழையாது. ஆனால் மூடியின் பூட்டு விளிம்பை எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்க, எண்ணெயும் அங்கே படிந்தால், முடி போன்ற கீறல்கள் தோன்றி விரிசலாகும். உங்கள் டப்பா அடியில் விடாமல் விளிம்பில் விட்டது அதனால்தான்.

இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது கோபாலியெஸ்டர். ஈஸ்ட்மன் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த டிரைட்டான் இந்த வகை. தெளிவாக இருக்கும், எளிதில் உடையாது, கறையும் குறைவு. சுமார் 110 டிகிரியில் இளகும் என்பதால் தாளித்த எண்ணெயை நேராக ஊற்றாதீர்கள்; எண்ணெய்க் குழம்பை அதில் வைத்து மைக்ரோவேவில் சூடாக்கவும் வேண்டாம். உறுதியில் பாலிகார்பனேட் இதைவிட மேல்தான். ஆனால் சோடா கலந்த சோப்பும் வெந்நீரும் அதை அரிக்கும், அதைச் செய்யப் பயன்படும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் உணவில் கசியும் சிக்கலும் இருக்கிறது. உணவுப் பாத்திரங்களில் அந்த வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை கொண்டுவந்தது.

கடையில் 7 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது 'மற்றவை' என்ற கூடை. பாலிகார்பனேட், சான், கோபாலியெஸ்டர் மூன்றும் அதில்தான் கிடக்கின்றன. லேபிளில் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகள் வளைந்ததாகவும், மூடி தனியாகப் பாலிபுரொப்பிலீனில் சிலிக்கோன் வளையத்தோடும் இருந்தால் நல்லது. ஊறுகாய்க்கு மட்டும் எந்த பிளாஸ்டிக்கும் வேண்டாம். கண்ணாடி சீசாவோ பீங்கான் ஜாடியோதான்.

கேள்வி: ஏறிய மஞ்சளை எடுக்க வழி உண்டா?

பதில்: கழுவிய டப்பாவை ஓரிரு நாள் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் வையுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும், நிறம் வெளுக்கும். வாரக்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக்கே நொறுங்கும். சோடா மாவு போட்டதும் கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு. இரும்பு நார் கூடவே கூடாது; அது போடும் கீறல்களில்தான் அடுத்த கறை குடியேறும்.

கேள்வி: எண்ணே இல்லாத டப்பாவை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: மூடியைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் துடைத்துவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் பாலிபுரொப்பிலீனாகவோ பாலித்தீனாகவோ இருக்கும். பாலிஸ்டைரீன், சான், பாலிகார்பனேட், கோபாலியெஸ்டர் எல்லாம் மூழ்கும். மூடியும் டப்பாவும் வேறு வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம், டப்பாவையும் தனியாக அமுக்கிப் பாருங்கள்.