எண்ணெய் விட்ட டெக்

ஐயா,
அப்பாவின் பழைய வீடியோ டெக்கை வீட்டிலேயே திருத்தப் பார்க்கிறேன். கசெற் உள்ளே போகிறது, கொஞ்ச நேரம் படம் வருகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. வெளியே எடுத்தால் ரேப் கசங்கித் தொங்குகிறது. சில்லுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டும் பார்த்தேன். வேறு கசெற் இல்லாததால் 2003இல் எடுத்த அக்காவின் சாமத்தியவீட்டுக் கசெற்றைத்தான் போட்டுப் பார்க்கிறேன். அதில் அம்மம்மா கதைக்கிறா. ரேப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, வெயிலில் வைக்கலாமா? வி.எச்.எஸ்ஸை விட பீட்டாமக்ஸ் திறம் என்கிறார்களே, உண்மையா? முந்தின ஆட்கள் எதையும் எறியாமல் திருத்திப் பாவித்தார்கள், நாங்கள்தான் அந்தக் குணத்தைத் தொலைத்துவிட்டோம்.
ம., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

பீட்டாமக்ஸ் கதையை விடுங்கள். 1975இல் வந்த அதுவா 1976இல் வந்த வி.எச்.எஸ்ஸா திறம் என்று இப்போது அடிபட்டு ஒருவருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

டெக் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர். வலப்பக்கச் சுருளைச் சுற்றவைக்கும் சின்னச் சில்லில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது காய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் சுருள் சுற்றாது, சுற்றவில்லை என்று சென்சர் கண்டதும் டெக் தானாக நின்றுவிடும், இழுபட்ட ரேப் உள்ளேயே தொங்கிக்கொண்டு கிடந்து வெளியே வரும்போது கசங்கும். அந்த ரப்பருக்கு எண்ணெயா விடுவது? பிடிக்கவேண்டிய இடத்தில் வழுக்கவிட்டிருக்கிறீர்கள்! ஐசோபுறொப்பைல் அல்ககோல் வாங்கித் துடைத்தெடுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் வளையத்தை மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைப் பக்கம் கை வைக்கவேண்டாம், கப்பாசிற்றருக்குள் கரண்ட் தங்கி நிற்கும்.

இவ்வளவும் சரி. ஆனால் வேறு கசெற் இல்லையென்று அம்மம்மாவின் குரல் இருக்கிற கசெற்றைப் பழுதான டெக்குக்குள் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்துவிட்டு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. கசங்கிப்போன ஒவ்வொரு துண்டிலும் யாரோ கதைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்தக் கோபம் உங்களோடு தொடங்கியதில்லை. கொஞ்ச நாளுக்கு முதல் மாமா வீட்டு அறையொன்றைத் துப்புரவாக்கும்போது அவருடைய டெக்கின் ரிமோட் அகப்பட்டது, அன்றிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மாமா சைக்கிள் கரியரில் டெக்கைத்தான் கட்டினார். சாரம் சுற்றி, உரப்பை சுற்றி, மழையில் நனையாமல், நாவற்குழி தாண்டுமட்டும் ஒரு கையால் அதைப் பிடித்தபடி. கலியாணக் கசெற் அலுமாரிக்குள் இருந்தது. விலைப்பட்ட சாமானைக் கொண்டுபோகவேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. டெக் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடியது, ஊரார் படமெல்லாம் அதில் ஓடியது, மாமி மட்டும் தன்னுடைய கலியாணத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஷெல்லடிக்குள் ஓடிய மனுசனுக்கு இருந்த சாட்டு கொக்குவிலில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற உங்களுக்கு இல்லை.

அப்புறம் அந்த முந்தின ஆட்களின் குணம். தம்பி, 1990இல் போருக்குள் யாழ் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. அதற்குப் பிறகு ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்கு எல்லா வீட்டிலும் காசு சேர்த்து, விடியுமட்டும் படம் பார்த்தோம். பெல்ற் அறுந்தால் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டார்கள், பாட்டு நெளிந்து நெளிந்து வந்தது. புதுச் சாமான் வர வழியில்லை, அதனால் திருத்தினோம். குடாநாட்டுக்குச் சாமான் வரும் பாதை திறந்து கடைகள் நிறைந்ததும் அதே ஆட்கள்தான் பழசையெல்லாம் இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். சந்தியில் டெக் திருத்திய ஒரு அண்ணை இருந்தார், அவரிடம் மட்டும் நான் ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டேன்: வாடிக்கையாளர் கசெற்றைத் தொடவே மாட்டார், பழுதான டெக்கில் போட்டுப் பார்க்கவென்று மேசைக்குக் கீழே உதவாக் கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்.

நீங்களும் யாரிடமாவது பழைய படக் கொப்பியொன்று கேட்டு வாங்குங்கள். அது தொடக்கத்திலிருந்து முடிவுவரை கசங்காமல் ஓடவேண்டும். உங்கள் டெக்கில் ரேப்பிலிருந்து படத்தை வாசிக்கிற தலை பூட்டியிருக்கிற உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது, ரேப் அதிலே உரசிக்கொண்டுதான் போகும், நீங்கள் சொன்ன அந்த வெள்ளை பூஞ்சணம்தான், அதோடு போட்டால் தலையில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். ஆகவே பூஞ்சணம் துடைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரே ஓட்டத்தில் கொம்பியூட்டருக்கு ஏற்றுங்கள், ஏற்றியதை அக்காவுக்கும் அனுப்புங்கள். இதைத் தள்ளிப்போடவேண்டாம். கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கொம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது, புதுத் தலைக்கு இனி எங்கே போவது?

அதுவரைக்கும் கசெற்றை டெக்குக்குள் விடாமல், ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது, சூட்டில் ரேப் நெளிந்துவிடும்.