அலமாரியில் ஒரு ராப் ஆல்பம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சிறிய நூலகம் நடத்துகிறோம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று தனி அலமாரி உண்டு. போன வருடம் அவர்கள் பாட்டு கேட்பதற்காக ஒரு டேப்லெட்டும் இரண்டு ஹெட்போனும் வாங்கினோம். இப்போது பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன், தானே எழுதிப் பாடிய ஒன்பது ராப் பாட்டுகளை பென் டிரைவில் கொண்டுவந்து, “இதையும் அலமாரியில வைப்பீங்களா அக்கா?” என்று கேட்கிறான். முழுக்க அவன் வாழ்க்கைதான். சில இடங்களில் கெட்ட வார்த்தை வருகிறது. எங்கள் குழுவில் ஒருவர், “ராப்பெல்லாம் நூலகத்துக்கு எதுக்கு?” என்கிறார். இன்னொருவர், “நம்ம பையன்தானே, கேட்கவே வேண்டாம், வச்சிரலாம்” என்கிறார். எனக்கு ராப் பழக்கமில்லை. எதை வைத்து மதிப்பிடுவது? ஆல்பத்தையும் அவன் அனுமதியோடு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். பையன் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆல்பத்தை மூன்று முறை கேட்டேன். முதல் முறை சும்மா, இரண்டாவது முறை ஹெட்போன் போட்டு, மூன்றாவது முறை நீங்கள் அனுப்பிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. நீங்களும் அப்படியே கேளுங்கள். குழுவில் எல்லோரும் கேட்கட்டும். கேட்காமல் வேண்டாம் என்பதும் கேட்காமல் வைத்துவிடுவதும் அந்தப் பையனுக்குச் செய்யும் ஒரே மாதிரியான அவமரியாதை.

ராப் எதற்கு என்று கேட்பவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரிய விருதுகளில் ஒன்றான புலிட்சர் பரிசே, 2018இல் இசைக்காக அந்நாட்டு ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்துக்குக் கிடைத்தது. அதைவிட நமக்குப் பக்கத்து உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், மலிவுப் பதிப்பு என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. செட்டிநாட்டில் நூலகம் நடத்துகிறவர்கள் ‘இதெல்லாம் எதுக்கு’ என்று கேட்பதற்கு முன்னால் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். ராப் பழக்கமில்லை என்கிறீர்கள். ஆனால் எதுகையும் மோனையும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், அது போதும். ஆங்கில ராப்பில் ரைம் பெரும்பாலும் வரிக் கடைசியில் விழும். நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் இயைபு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால் இந்த இயைபு சும்மாவே கிடைத்துவிடும். வர்றேன், தர்றேன், அடிக்கிறேன், முடிக்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். இவனுடைய முதல் பாட்டும் ஏழாவது பாட்டும் அப்படித்தான் இருக்கின்றன. துப்பாக்கி, பெரிய கார், எதிரி என்று அவன் வாழ்க்கையில் இல்லாதவை வரும் பாட்டுகளும் இவை இரண்டுதான். வார்த்தை சுலபமாக வந்த இடத்தில் அனுபவமும் இரவலாகிவிட்டது.

நான்காவது பாட்டைக் கேளுங்கள். அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகும் அம்மாவைப் பற்றியது.

“தவிடு படிஞ்ச சேலையில தலை துவட்டுவா
கவிதை கேட்டா ‘போய்ப் படி’ன்னு கதவைச் சாத்துவா”

தவிடு, கவிதை. இரண்டாம் எழுத்து ஒன்றாக நிற்கிறது. ‘கவிதை, கேட்டா, கதவை’ என்று மோனையும் ஓடுகிறது. இதை அவன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. காதில் இருக்கிறது. அதைவிடப் பெரிது அந்த அம்மா. முதல் வரியில் பிள்ளையின் ஈரத் தலையைத் துவட்டுகிறவள், அடுத்த வரியில் அவன் பாட்டைக் கேட்காமல் கதவைச் சாத்துகிறாள். இரண்டும் ஒரே அன்புதான் என்று அவன் எங்கேயும் விளக்கவில்லை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னணியில் ஆலை ஓடும் சத்தம் மெல்லக் கேட்கிறது. வேண்டுமென்றே சேர்த்தானா, வீட்டில் பதிவு செய்தபோது தானாக விழுந்ததா தெரியாது. எதுவாக இருந்தாலும் அதை எடுக்கச் சொல்லாதீர்கள். பதிவின் தரம் சுமார்தான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாவது பாட்டில் மட்டும் பேஸ், அதாவது அடியில் கனமாக அதிரும் ஒலி, வார்த்தையையே விழுங்கிவிடுகிறது. அதை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லலாம்.

சொந்த வாழ்க்கையைப் பாடும் எதிலும் நான் தேடுவது ஒன்று உண்டு. மற்றவர்களைக் கூண்டில் ஏற்றுகிறவன் தன்னையும் ஏற்றுகிறானா? கண்ணதாசன் தன் கதையை எழுதியபோது தன் தவறுகளை மூடி மறைக்கவில்லை, அதனால்தான் இன்றும் படிக்கிறோம். இந்தப் பையனின் எட்டாவது பாட்டில், மைக் வாங்க அம்மாவின் சீனி டப்பாவிலிருந்து பணம் எடுத்ததைச் சொல்கிறான். திருப்பி வைத்தேன் என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் இதற்குத் துணிச்சல் வேண்டும். இதே வயதில் இதே மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் நூலகத்துக்கு வரும் இன்னொரு பிள்ளை நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இலேயே எழுதி வைத்தார். இந்தப் பாட்டின் வாசகர் அந்தப் பிள்ளைதான்.

கெட்ட வார்த்தைகள் மூன்று பாட்டுகளில் வருகின்றன. இரண்டில் அவை அவன்மேல் வீசப்பட்ட வார்த்தைகள், வீசியவர் குரலிலேயே திருப்பிச் சொல்கிறான். அதை வெட்டினால் அவனுக்கு நடந்ததையே வெட்டியது போல. இன்னொன்று பெண்களைக் கேவலப்படுத்தும் வசவு, சந்தம் நிரம்ப வேண்டும் என்று போட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, அவனிடமும் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக ஆல்பத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அமெரிக்காவில் 1985இல் பெற்றோர் சிலர் போராடியதன் பிறகு ஆல்பங்களின் உறையில் எச்சரிக்கை முத்திரை வந்தது. அது பாட்டில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று எதுவும் சொல்லாது. நீங்கள் முத்திரை ஒட்ட வேண்டாம். உறையில் இரண்டு வரி விவரமாக எழுதுங்கள், போதும்.

என்னைத் தடுத்து நிறுத்தியது கெட்ட வார்த்தை அல்ல, ஆறாவது பாட்டு. ஒரு பெண்ணின் பெயர், அவள் தெரு, அவள் செய்ததாக ஒரு குற்றச்சாட்டு. அவளும் அதே வயதுக்காரி, அதே ஊர். நாளைக்குப் புத்தகம் எடுக்க உங்கள் முகப்புப் படி ஏறி வரப்போகிறவள். ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பையன்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளிடம் மைக் இல்லை, பதில் சொல்ல ஒரு பாட்டும் இல்லை. இந்தப் பாட்டு இப்படியே இருந்தால் அலமாரியில் வைக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய வலி உண்மையாக இருக்கலாம். பெயரும் தெருவும் இல்லாமலும் அந்த வலியைப் பாட முடியும். மூன்றாவது பாட்டில் வரும் ஆசிரியர் விஷயத்திலும் சம்பவம் இருக்கட்டும், பெயர் போகட்டும்.

இதை அவனிடம் பேசும்போது குழுவாக உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். உங்களை அக்கா என்று கூப்பிடுகிறான், நீங்கள் மட்டும் பேசுங்கள். “அவ இதைக் கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சியாப்பா?” என்று கேட்டாலே போதும். அப்புறம் முடிவு அவனுடையது. பாட்டைத் திருத்தலாம், அதை விட்டுவிட்டு எட்டுப் பாட்டோடு தரலாம், எதுவும் வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் பதினெட்டு ஆகாததால் பெற்றோரில் ஒருவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் கேட்டுவிட்டுப் போடட்டும். இங்கேதான் கவனம் தேவை. வீட்டைப் பற்றிச் சில பாட்டுகளில் அவன் வெளிப்படையாகச் சொல்கிறான், அவற்றை இங்கே நான் எழுதப் போவதில்லை. வீட்டில் கேட்டால் பிரச்சினை வரும் என்று அவன் பயந்தால், அவனுக்குப் பதினெட்டு முடியும்வரை அந்த பென் டிரைவ் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும். ஓர் ஆல்பம் காத்திருக்கலாம்.

பீட், அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசை, எங்கிருந்து எடுத்தான் என்றும் கேளுங்கள். இணையத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் பீட்டுகள் பலவும், விற்காமல் பயன்படுத்தினால் மட்டுமே இலவசம். நிபந்தனையைப் படித்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இரண்டாவது பாட்டில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று பத்து விநாடி அப்படியே ஓடுகிறது. அதற்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், அந்த இடத்தை அவனே வேறு மெட்டில் போட்டுவிடலாம்.

வைப்பதென்று முடிவானால் தனியாக வைக்காதீர்கள். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ‘வல்லவன்’, அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ ஆகிய இரண்டு தமிழ் ராப் ஆல்பங்களையும் பிள்ளைகள் கேட்க வழி செய்யுங்கள். அவன் பாட்டும் அந்த வரிசையில் நிற்கட்டும். அலமாரிக்கு வரும் பாட்டுகளின் வரிகளை அச்செடுத்து ஒரு சிறு புத்தகமாகத் தைத்து, அவன் எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறானோ அந்தப் பெயரையும் பதிவு செய்த ஆண்டையும் எழுதி, மற்ற நூல்களைப் போலவே எண் கொடுங்கள்.

ஆறாவது பாட்டைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்று மறக்காமல் எழுதுங்கள். திருத்திப் பாடினால் அதையும் கேட்க ஆசை.

அன்புடன்.