மாயாற்றுக் கோட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். போன கோடையில் பவேரியாவின் ஆல்ட்முயூல் பள்ளத்தாக்கு இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். ஆற்றோரமாகவே பாதை, இருபுறமும் காடு, சுண்ணாம்புப் பாறை உச்சியில் ப்ருன் கோட்டை. மூன்று நாள் நடந்தோம், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு இதற்கு எந்த விதத்தில் குறைச்சல்? இங்கே ஏன் அப்படி ஒரு பூங்கா வரவில்லை? கோட்டை இல்லாததுதான் குறையா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

கோட்டை இருக்கிறது, தண்ணீருக்குள்.

மாயாறு பவானியோடு சேரும் இடத்தில் இருந்தது டணாய்க்கன் கோட்டை. ஹொய்சள மன்னர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்கள் ஆண்ட இடம். தண்டநாயகன்தான் நம் வாயில் டணாய்க்கன் ஆனான். நீலகிரியை அடக்கியவன் என்ற பொருளில் 'நீலகிரி சாதாரன்' என்று பட்டம் வேறு வைத்துக்கொண்டார்கள். மலைமேல் இருந்தவர்களுக்கு அது தெரியுமோ என்னவோ! 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. கோட்டை நீருக்கடியில் போயிற்று. மழை பொய்த்து அணை வற்றும் வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் சேறும் சகதியுமாக வெளியே தெரியும். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

நீங்கள் ப்ருன் கோட்டைக்குக் கீழே பார்த்ததும் பழைய ஆறு அல்ல. ரைன், மைன், டான்யூப் நதிகளை இணைக்கும் கப்பல் கால்வாய்க்காக ஆல்ட்முயூலின் கீழ்ப்பகுதியை வெட்டி அகலப்படுத்திவிட்டார்கள். 1992-ல் வேலை முடிந்தது. அங்கே கோட்டை தப்பித்தது, ஆறு மாட்டிக்கொண்டது.

பூங்கா விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காட்டில் உங்களை மிதிக்க யானை இல்லை. மாயாற்றில் யானை, புலி, ஆற்றில் முதலை. வெள்ளை முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு தென்னிந்தியாவில் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் கட்டும். கால்நடைக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து ஊசியால், அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்து, 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகு எஞ்சிய சொற்பம். அந்த மரத்தடியில் நடைபாதை போட்டு, ஐஸ்கிரீம் வண்டியும் வந்துவிட்டால்?

பல வருடம் முன்பு பவானிசாகரிலிருந்து பஸ்ஸில் மாயாற்றங்கரையில் இருக்கும் தெங்குமரஹாடா கிராமத்துக்குப் போயிருக்கிறேன். காட்டுக்குள் குலுங்கிக்கொண்டே போய், கடைசியில் பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். பரிசல்காரர் தண்ணீரைப் பார்த்தே, மேலே மின்நிலையத்தில் திறந்துவிட்டார்களா இல்லையா என்று சொன்னார். இப்போது வெளியாட்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் அதே பரிசல்தான் என்பதை நினைத்தால், நம் நடைபாதை ஆசை கொஞ்சம் கூச்சம் தருகிறது.

உங்களுக்குக் கோடநாடு காட்சிமுனை பக்கம்தானே? மேகம் ஏறுவதற்குள் காலையிலேயே போய்விடுங்கள். நான் மூன்று தடவை போய் இரண்டு தடவை வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். கீழே நூல் மாதிரி தெரிவது மாயாறு. ஆற்றோடு கண்ணை ஓட்டிக்கொண்டே போனால் கடைசியில் தகடு போல மின்னுவது அணைத் தண்ணீர். கோட்டை அங்கேதான்.