எலிகூட இல்லாத தடுப்பூசி

ஐயாவுக்கு வணக்கம்.

என் மகள் எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். க்ளெப்சியெல்லா என்ற கிருமிக்குத் தடுப்பூசி வடிவமைத்திருப்பதாக ப்ராஜெக்ட் எழுதியிருக்கிறாள். நான்கு மாதமும் வீட்டில் லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கிருமியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஒரு எலிகூடக் கிடையாது. கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர்லயே பார்த்தாச்சுப்பா, ஸ்கோர் நல்லா வந்திருக்கு" என்கிறாள். நான் முப்பது வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன். மருந்து இப்படிப் பிறந்து நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது. இதில் உண்மை எவ்வளவு, பாவனை எவ்வளவு?

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கணினியில் தொடங்கிக் கைக்குழந்தையின் தொடைவரை வந்து சேர்ந்த பாக்டீரியா தடுப்பூசி ஒன்று உண்டு.

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியில் பல வகைகள். ஏ, சி போன்ற வகைகளுக்கு, கிருமியைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையிலிருந்தே தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையிடம் அது பலிக்கவில்லை. அதன் உறை நம் நரம்பு செல்களின் மேலிருக்கும் சர்க்கரையை அப்படியே ஒத்தது. உடல் அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. பார்த்தாலோ நம் நரம்பையே தாக்கிவிடுமோ என்ற பயம்.

இத்தாலியின் சியனா நகரில் கைரான் நிறுவனத்தில் இருந்த ரினோ ரப்புவோலி வேறு பக்கமாக வந்தார். கிரெய்க் வென்டர் அமெரிக்காவில் தொடங்கிய மரபணு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். இவற்றில் எந்தெந்தப் புரதங்கள் கிருமியின் மேற்பரப்பில் தலைநீட்டும் என்று கணினியிடம் கேட்டார்கள். சுமார் 600 பெயர்களை அது தந்தது. 2000ஆம் ஆண்டில் இந்த வேலை 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

கணினியின் பங்கு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் கைவேலை. 350 புரதங்களை ஈ.கோலை கிருமிக்குள் தயாரித்து, ஒவ்வொன்றாக எலிகளுக்குப் போட்டு, ரத்தம் எடுத்து, அதிலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீர் உயிருள்ள கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். தேறியது 28. தடுப்பூசிக்குள் போனவை முக்கியமாக மூன்று. கூடவே நியூசிலாந்தின் பழைய தடுப்பூசி ஒன்றிலிருந்த கிருமிச் சவ்வுத் துணுக்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2013 ஜனவரியில் ஐரோப்பிய அனுமதி. 2015 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் போடுகிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளில், ஊசிக்கு உரிய வயதுக் குழந்தைகளிடம் பி வகை நோய் 75 சதவீதம் குறைந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். "கொல்கிறதா" என்று பார்த்தார்களே, அந்தச் சோதனையை ஏன் நம்பினார்கள்? 1969இல் கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்டன்ஸ்டைன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வுதான் காரணம். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலிலேயே ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பின்னால் நோய் வந்தவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களின் ரத்தத்தில்தான் சி வகைக் கிருமியைக் கொல்லும் எதிர்ப்பொருள் இருந்தது. நோய் வராதவர்களில் 82 சதவீதத்தினரிடம் இருந்தது. அதாவது சோதனைக் குழாயில் கிருமி செத்தால் மனிதருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது, கணினி இந்த வேலைக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்பே தெரிந்துவிட்டது. கணினி ஜெயித்தது அந்த உரைகல் கையில் இருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்படிப்பட்ட உரைகல் இன்றுவரை இல்லை. மெர்க் நிறுவனம் அதன் மேற்பரப்புப் புரதம் ஒன்றை வைத்துத் தடுப்பூசி செய்தது. எலிகளைக் காப்பாற்றியது. இதய, நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களிடம் பரிசோதித்தபோது பயனில்லை. ஊசி போட்டும் தொற்று வந்தவர்களிடம் இறப்பு அதிகமாகவே இருந்தது. 2011இல் நிறுத்திவிட்டார்கள்.

எலியையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம் என்பதற்கு மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியின் அந்த மூன்று புரதங்களில் ஒன்றே சாட்சி. நம் ரத்தத்தில் 'ஃபேக்டர் எச்' என்று ஒரு காவல்காரன் உண்டு. சொந்த செல்களை நம் எதிர்ப்புச் சக்தியே தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கிருமி இந்தப் புரதத்தால் அந்தக் காவல்காரனைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு "நானும் உங்க ஆள்தான்" என்று நிற்கிறது. இது தெரிந்ததே 2006இல்தான். எலியின் ஃபேக்டர் எச்சோடு அது ஒட்டாது. ஆகவே எலியிடம் இந்த நாடகம் நடக்கவே இல்லை.

சரி, உங்கள் மகளின் வேலைக்கு வருகிறேன். அவள் எழுதியதை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வகை ப்ராஜெக்டுகளின் வார்ப்பு பழக்கமானது: பல புரதங்களிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை மென்பொருள் பரிந்துரைக்கும், அவற்றைச் சங்கிலியாகக் கோர்த்து, நம் செல்லின் மேலிருந்து கிருமியை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றோடு ஒட்டுகிறதா என்று கணினியிலேயே பொருத்திப் பார்ப்பார்கள், அதற்கு டாக்கிங் என்று பெயர். நல்ல மதிப்பெண் வரும். எனக்கு அது ஜாதகப் பொருத்தம் மாதிரிதான் தோன்றும். பத்துக்கு எட்டு என்று வந்துவிடும், குடித்தனம் நடக்குமா என்பது வேறு விஷயம். எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் புரதம் மடிந்து நிற்கும் வடிவத்தைப் பிடிப்பவை. வெட்டிக் கோர்த்த சங்கிலியில் அந்த வடிவம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இப்போது ஆல்ஃபாஃபோல்ட் போன்ற மென்பொருள்கள் புரதத்தின் வடிவத்தை நன்றாகவே கணிக்கின்றன. 2024 வேதியியல் நோபலும் அந்தத் துறைக்குத்தான் போனது. ஆனாலும் எந்த வடிவம் பாதுகாப்புத் தரும் என்பதை அவை சொல்வதில்லை.

அவளைத் திட்டாதீர்கள். பதிலாக ஒன்று செய்யச் சொல்லுங்கள், லேப்டாப்பே போதும். க்ளெப்சியெல்லாவின் உட்புறத்தில், எந்த எதிர்ப்பொருளும் எட்டாத இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தை எடுத்து, அதையும் இதே மாதிரி வெட்டி, கோர்த்து, டாக்கிங் செய்யட்டும். அதற்கு என்ன ஸ்கோர் வருகிறது என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் பக்கம் சேர்ந்துவிடுகிறேன்.

அன்புடன்.